இரும்பில் வெட்டப்போகும் தோள்

நகரத்திலிருந்து வந்த சிற்பி ரொமீனா ஒரே கேள்விதான் கேட்டாள். "உங்க பெரியப்பா எவ்வளவு உயரம்? தோள் அகலமா?"

எனக்கென்ன தெரியும்? முதல் உலகப் போரில் ஜெர்மானோ பெரியப்பாவைச் சுட்டது எதிரி இல்லை, எங்கள் இத்தாலியப் பட்டாளமேதான். எதிரி குண்டுக்கு நேரே மலையேற அவருடைய படை மறுத்ததாம். பத்துக்கு ஒருவன் என்று சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அவர் பெயர் வந்தது. எங்கள் ஊர்க் கல்லறைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இருந்த ஒரே போட்டோவையும் அப்பா அவமானத்தில் அடுப்பில் போட்டுவிட்டார். எண்பது வருடம் கழித்து இப்போது அதே சுவரருகே நினைவுச் சின்னமாம். இரும்புத் தகட்டிலிருந்து ஆள் உருவத்தை வெட்டி எடுத்துவிட்டு, ஓட்டையை மட்டும் நிறுத்தி வைப்பார்களாம். நல்ல மரியாதை!

அளவுக்கு ஓர் ஆள் இருந்தான், என் தம்பி எர்மெஸ். இருபது வயதில் அவன் மலைப்படைச் சீருடையோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா சோளக்களித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "அண்ணன் வந்து நிக்கிற மாதிரியே இருக்கும்மா" என்று என்னிடம் மட்டும் சொன்னார். சாகும்வரை அவனை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

எர்மெஸ் மதுக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தான். "அந்தக் கோழைக்கு நான் நிக்கணுமா? போக்கா, வேற வேலை இல்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சீட்டுல பேரு வந்தா கோழையா? அப்ப தினமும் இங்க தோக்குறியே, நீ யாருடா? நீ நிக்கலேன்னா அவருக்கு உருவமே கெடையாது. துணிக்கடை பொம்மையை வச்சு வெட்டிருவா."

மறுநாள் நல்ல சட்டை போட்டுக்கொண்டு கல்லறைச் சுவருக்கு வந்தான்.

"தொப்பையை உள்ள இழுடா. அவருக்கு இருபத்திரெண்டு வயசு."

அவன் சிரிக்கவில்லை. அழுகை வரும் என்று கைக்குட்டை கொண்டுபோயிருந்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

ரொமீனா தகட்டைச் சுவரில் சாத்தினாள். அவன் அதில் முதுகு ஒட்டி நின்றான். "கையைப் பின்னால கட்டிக்குங்க" என்றாள். கட்டிக்கொண்டான். சாக்பீஸ் காதைச் சுற்றி, தோளைச் சுற்றி, காலடி வரை இறங்கியது.

"முடிஞ்சுது" என்றாள்.

அவன் நகரவில்லை. கையையும் பிரிக்கவில்லை. எதிரே வெறும் புல்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நான் போகலாமா?"

"போகலாமே. முடிஞ்சுதுன்னு சொன்னேனே!"

அவன் காதில் விழவில்லை. "ஐயா, நான் போகலாமா?"

நான் போய் அவன் தோளைப் பிடித்தேன்.

"வாங்க பெரியப்பா" என்றேன். "வீட்டுக்குப் போலாம்."