வெள்ளையம்மாள் வெள்ளையான பிற்பகல்

சுண்ணாம்புக்கோட்டை நகரப் பெருமக்கள் அனைவருக்கும், இனிப் பிறக்கவிருப்போருக்கும், இறந்துபோய் முகவரி மாற்றம் தெரிவிக்காதோருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: உலக வரலாற்றில் முதன்முறையாக, நமது நகர்மன்றக் கட்டடத்தின் முன்பு இன்று பிற்பகல் மூன்று மணிக்கு மாபெரும் பட்டிமன்றம் நடைபெறும். தலைப்பு: "நிறச் சலுகை இருக்கிறதா, இல்லையா?" தீர்ப்பு வழங்கப்பட்ட கணத்திலிருந்து அதுவே உண்மையாகிவிடும். அனைவரும் வருக. நாற்காலி உண்டு.

நாற்காலி இல்லை. மற்றபடி அறிவிப்பில் பிழை கிடையாது.

வெள்ளையம்மாள் பட்டிமன்றம் கேட்க வரவில்லை. வேலையில் சேர வந்திருந்தாள். நகர்மன்றக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளர் வேலை. தேர்வில் அவள்தான் முதலிடம். ஐந்து மணிக்குள் உள்ளே போய்ப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் வேலை இரண்டாமிடத்துக்குப் போய்விடும். பணி ஆணையில் அந்த வரியை மட்டும் அடிக்கோடு இட்டிருந்தார்கள்.

கட்டடத்துக்குக் கதவு உண்டு. ஆனால் எல்லாருக்கும் இல்லை. சிவந்த தோல்காரர் யாராவது எதிரே வந்தால் சுவரில் கதவு திறக்கும். அவர் நுழைந்ததும் மூடிக்கொண்டு மறுபடி சுவராகிவிடும். கறுத்த தோல்காரர் வந்தால் அது சுவராகவே இருக்கும். மாநிறம் என்று சொல்லிக்கொள்பவர்களுக்கு ஒரு கை நுழையும் அளவுக்குத் திறந்து, யோசித்து, மூடிக்கொள்ளும். ஊரில் யாரும் இதை அதிசயமாகப் பேசியதில்லை. நல்ல செங்கல் என்று மட்டும் சொல்வார்கள்.

வெள்ளையம்மாள் நல்ல கறுப்பு. பிறந்த அன்று அவளைப் பார்த்த தகப்பனார், பேரிலாவது இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்தப் பெயரை வைத்தார்.

சுவருக்கு முன்னால் காவலாளி சிங்கராயர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரும் கறுப்புதான். பத்தொன்பது வருடக் காவல். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை. எதைக் காக்கிறோம் என்று கேட்டதும் இல்லை.

"அண்ணே, வேலைக்குச் சேரணும்."

"சேரு தாயி. யாரு வேணாங்குறா?"

"கதவு?"

"அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறாக. இருக்கா, இல்லையான்னு."

"இருக்குதேண்ணே. இப்பத்தானே ஒருத்தரு உள்ள போனாரு."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தீர்ப்பு வரணுமுல்ல."

வருகையாளர் நோட்டில் அவள் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். பெயருக்கு நோட்டில் அனுமதி உண்டு.

அந்த ஊரில் கடிகாரம் கிடையாது. பட்டிமன்ற நடுவரின் மேசை மணிதான் நேரம். அவர் ஒரு தடவை அடித்தால் கால் மணி நேரம் போகும். அடிக்காவிட்டால் போகாது. போன வருடம் நடுவருக்கு அம்மை போட்டபோது ஊரில் பதினோரு நாள் காலை பத்தேகாலாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுத்தல் கணக்கு நடந்துகொண்டிருந்தது.

நடுவரின் பெயர் நாவுக்கடல் பரிபூரணம். அவர் மேடையேறி, மாலை வாங்கி, மாலையைக் கழற்றி, மணி அடித்தார். மூன்றேகால் ஆனது.

தலைப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நகர்மன்றம் முதலில் கொடுத்த தலைப்பு "தோலின் நிறத்தால் ஒருவருக்குக் கேளாமலே கிடைக்கும் முன்னுரிமை" என்பது. பேனர் எழுதியவர் துணியை அளந்து பார்த்தார். நடுவரின் படம் போக இரண்டு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. "நிறச் சலுகை" என்று எழுதிவிட்டார். சலுகை என்றாலும் அதேதானே என்றார். யாரும் மறுக்கவில்லை. படம் நன்றாக வந்திருந்தது.

"இருக்கிறது" அணிக்குப் பேராசிரியர் நிர்மலானந்தன். சுவர் திறந்தது, அவர் வெளியே வந்தார், சுவர் மூடியது.

"அன்பர்களே, இன முன்னுரிமை என்னும் கருத்தாக்கத்தை நான் ஏட்டில் கற்றவன் அல்லன். உடலால் கற்றவன். சற்று முன் கதவு எனக்குத் திறந்தது. நான் கேட்கவில்லை. வெட்கப்படுகிறேன்."

கைதட்டினார்கள். பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார்.

"போதுமான அளவு வெட்கப்பட்டேனா என்பது ஐயமாக இருக்கிறது. பொறுத்தருள்க."

மேடையிலிருந்து இறங்கினார். சுவர் திறந்தது. உள்ளே போனார். வெளியே வந்தார். முன்னைவிட ஆழமாக வெட்கப்பட்டார். மறுபடி போனார். மறுபடி வந்தார். ஆறாவது தடவை கண்ணில் நீர் இருந்தது. நடுவர் நெகிழ்ந்துபோய் மணி அடித்தார். மூன்றரை.

ஏழாவது தடவை அவர் கிளம்பியபோது வெள்ளையம்மாள் குறுக்கே நின்றாள்.

"சார், இந்தத் தடவை போறப்ப கதவைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க. நானும் நுழைஞ்சுக்கிறேன். கையெழுத்துப் போடணும்."

பேராசிரியர் அவளை மிகுந்த மரியாதையோடு பார்த்தார்.

"அம்மா, உங்களுக்காகக் கதவைப் பிடிக்க நான் யார்?"

"பக்கத்துல நிக்கிறவரு சார். அது போதும்."

"நான் பிடித்தால் உங்கள் போராட்டத்தை நான் அபகரித்ததாக ஆகும். உங்கள் இடத்தை நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்."

"இடம் உள்ள இருக்கு சார்."

"எவ்வளவு ஆழமாகச் சொன்னீர்கள்," என்று அதைக் குறித்துக்கொண்டார். பிறகு உள்ளே போனார். கதவு மூடியது. வெளியே வந்ததும் அந்த வாக்கியத்தை மேடையில் சொன்னார். அன்றைய மிகப் பெரிய கைதட்டல் அதற்குத்தான். பொன்னாடை போர்த்தினார்கள். மணி அடித்தது. மூன்றே முக்கால்.

"இல்லை" அணிக்குத் தொழிலதிபர் இளவழுதி. அவருக்கும் சுவர் திறந்தது. ஆனால் கொஞ்சம் உயரமாகத் திறக்க வேண்டியிருந்தது. அவர் தன் தகப்பனாரின் தோளில் உட்கார்ந்திருந்தார். தகப்பனாருக்கு எழுபத்தெட்டு வயது. ஒலிபெருக்கியை இளவழுதியின் உயரத்துக்கு ஏற்றிக் கட்டினார்கள்.

"நான் சொந்தக் கால்ல நின்னு மேல வந்தவன்," என்று இளவழுதி ஆரம்பித்தார். "எனக்கு யாரும் எதுவும் குடுக்கல. அப்பா, கொஞ்சம் இடது பக்கம்."

தகப்பனார் இடது பக்கம் நகர்ந்தார்.

"சலுகைன்னா என்ன? அரசாங்கம் குடுக்கிறது. அரசாங்கம் குடுத்தா ஆணை இருக்கும். ஆணை இருந்தா எண் இருக்கும். இந்தக் கதவு எனக்குத் திறக்குது, சரி. எந்த ஆணைப்படி திறக்குது? எண் சொல்லுங்க பார்ப்போம்."

நடுவர் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியருக்கு எண் தெரியவில்லை. அதற்கும் வெட்கப்பட்டார்.

"எண் கிடையாது. அதனால இது சலுகை கிடையாது. இது பழக்கம். கதவுக்கு என்னைப் பழக்கம்."

மணி அடித்தது. நான்கு. வெள்ளையம்மாள் மேடைப் படியில் ஒரு காலை வைத்து நின்றாள்.

"ஐயா, அந்த மணியை மட்டும் கொஞ்சம் மெதுவா அடிங்க. அஞ்சுக்குள்ள நான் உள்ள போகணும்."

"மரபுப்படிதான் அடிக்க முடியும்மா," என்றார் நடுவர்.

இளவழுதி தொடர்ந்தார். "அடுத்தது. இனம், நிறம், அதுக்கொரு சலுகை, இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. அங்க வெள்ளைக்காரன் இருக்கான், பேசிக்கிறான். இங்க வெள்ளை எங்க இருக்கு? யாராவது வெள்ளை இருந்தா கையைத் தூக்குங்க. ஒருத்தர் இருந்தாலும் நான் தோத்ததா ஒத்துக்கிறேன்."

கூட்டம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் நல்ல சிவப்பு. சிவப்பு வெள்ளையில் சேராது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யாரும் கை தூக்கவில்லை.

நடுவர் நேர்மையானவர். வருகையாளர் நோட்டையும் பார்த்துவிடலாம் என்றார். சிங்கராயரின் நோட்டு மேடைக்குப் போனது. நடுவர் விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் நின்றது.

"வெள்ளையம்மாள்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயா, பேருதாங்க வெள்ளை," என்றாள் அவள்.

"பேரில் இருக்கிறதை நீங்கள் மறைக்கப் பார்ப்பது நல்லதல்ல," என்று சொல்லி நடுவர் மணி அடித்தார். நான்கேகால்.

மேடையில் அவளை நிறுத்தினார்கள். கையிலிருந்த பையைத் திறக்கச் சொன்னார்கள். பணி ஆணை, மதிப்பெண் சான்று, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பஸ் பாஸ். பஸ் பாஸை இளவழுதி வாங்கி ஒலிபெருக்கியில் படித்தார்.

"சலுகைக் கட்டணப் பயண அட்டை."

கூட்டம் மூச்சு விட்டது.

"சலுகைன்னு போட்டிருக்கு. கீழ அரசாணை எண்ணும் இருக்கு. இதோ இருக்கய்யா சலுகை. நாங்க இங்க உழைச்சு ஓடாத் தேயுறோம்."

"தம்பி, தோள் வலிக்குது," என்றார் தகப்பனார்.

"அப்பா, நடுவுல பேசாதீங்க."

பேராசிரியர் எழுந்து வந்து வெள்ளையம்மாளுக்கு முன்னால் கைகூப்பினார். "அம்மா, முதல் தடவை கடினமாகத்தான் இருக்கும். வெட்கப்படுங்கள். நான் கூட இருக்கிறேன்."

"நான் எதுக்கு சார் வெட்கப்படணும்?"

"எல்லாரும் முதலில் அப்படித்தான் கேட்போம். மறுப்பது சலுகையின் முதல் அறிகுறி."

கூட்டத்தின் கடைசியில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கி வைத்தாள். "ஏய்யா, கறுகறுன்னு நிக்கிற புள்ளையப் போயி வெள்ளைங்கிறீங்களே, கண்ணு அவிஞ்சா போச்சு?"

நடுவரின் முகம் இறுகியது. "தனிநபரின் தோல் நிறத்தைக் குறிப்பிட்டு இங்கே யாரும் பேசக்கூடாது. இது நிறத்தைப் பற்றிய பட்டிமன்றம்." அவளை அடக்குவதற்காக மணி அடித்தார். நான்கரை.

பிறகு தீர்ப்பு. நடுவர் எழுந்து நின்றார். துண்டைச் சரிசெய்தார். பேனரிலிருந்த அவர் படமும் துண்டைச் சரிசெய்தது.

"நிறச் சலுகை இருக்கிறது என்று ஓர் அணி நிறுவியது. எங்களிடம் இல்லை என்று மற்றோர் அணி நிறுவியது. இரண்டும் உண்மை. ஆகவே இரண்டு அணியும் வென்றன. நிறச் சலுகை இருக்கிறது. அது இந்த அம்மாளிடம் இருக்கிறது. இந்நகரின் ஒரே வெள்ளை இவரே என்று இதனால் தீர்ப்பளிக்கிறேன்."

மணி அடித்தது. நான்கே முக்கால். இரண்டு அணிகளும் கட்டித் தழுவிக்கொண்டன. இளவழுதி தழுவுவதற்கு வசதியாகத் தகப்பனார் குனிந்தார்.

வெள்ளையம்மாள் சண்டை போடப் போகிறாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் போடவில்லை. அறிவிப்பை அவளும் படித்திருந்தாள். தீர்ப்பு வழங்கப்பட்ட கணத்திலிருந்து அதுவே உண்மை. ஆக, அவள் வெள்ளை. வெள்ளையைப் பார்த்தால் திறக்க வேண்டியது கதவின் வேலை.

"ஐயா, அதை எழுத்துல குடுங்க," என்றாள்.

நடுவர் மகிழ்ந்துபோனார். இத்தனை வருடத்தில் தீர்ப்பை எழுத்தில் கேட்டவர் யாரும் இல்லை. எழுதினார். கையெழுத்திட்டார். சீல் வைத்தார். வெள்ளையம்மாள் காகிதத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு சுவருக்கு ஓடினாள். மேடைக்கும் சுவருக்கும் இருபது அடி. ஓட ஓட அது நாற்பது, அறுபது என்று ஆனது. ஆனாலும் ஓடிச் சேர்ந்துவிட்டாள்.

"அண்ணே, நான் இப்ப வெள்ளை. சீல் இருக்கு."

சிங்கராயர் இரண்டு தடவை படித்தார். எழுந்து நின்று சல்யூட் அடித்தார். "சரியாத்தான் இருக்கு தாயி. சத்தியமா நீ வெள்ளைதான்."

சுவர் அப்படியே இருந்தது.

வெள்ளையம்மாள் காகிதத்தைச் சுவருக்குக் காட்டினாள். திறக்கவில்லை. சீல் இருக்கும் பக்கத்தைச் செங்கல்லோடு வைத்து அழுத்தினாள். திறக்கவில்லை. சத்தமாக வாசித்தாள்.

"கதவுக்குத் தீர்ப்பு தெரியாதாண்ணே?"

"நகல் போட்டிருந்தாத் தெரியும்." சிங்கராயர் காகிதத்தின் அடியைப் பார்த்தார். "நகல், நூலகம். நகல், பொன்னாடைக் கடை. சுவருக்குப் போடலயே தாயி."

அந்தச் சமயத்தில் பேராசிரியர் தன் கண்ணாடியை எடுப்பதற்காக உள்ளே போக வந்தார். சுவர் திறந்தது. வெள்ளையம்மாள் சட்டென்று காலை நீட்டினாள். செருப்பு உள்ளே போனது. கால் வெளியே நின்றது.

"சார், பிடிங்க சார்."

கதவிடுக்கில் பேராசிரியரின் முகம் மட்டும் தெரிந்தது. உண்மையிலேயே வருந்திய முகம். "முன்பாவது யோசித்திருப்பேன் அம்மா. இப்போது நீங்கள் வெள்ளை. உங்களுக்குக் கதவைப் பிடித்தால் சலுகைக்கு மேல் சலுகையாகிவிடும்."

இடுக்கு மூடியது.

மேடையில் நன்றியுரை. நடுவரின் கை மணியை நோக்கிப் போனது. "ஐயா, அடிக்காதீங்க," என்று வெள்ளையம்மாள் கத்தினாள். நடுவர் அவள் பக்கம் திரும்பி, வெற்றி பெற்றவர்களைப் பார்த்துத் தலையசைப்பதுபோலத் தலையசைத்தார். மணி அடித்தது.

ஐந்து மணிக்கு, தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். அவர் காலையிலிருந்தே உள்ளே இருந்தார்.