உறையிட்ட கேள்வி

என் தங்கை லோகாம்பாள் பதினோரு வருடமாக ஓர் இணையதளத்தில் குடியிருக்கிறாள். அது ஒரு விதைக் கம்பெனியின் தளம். கம்பெனியை மூடி வெகுநாளாகிறது. தளம் மட்டும் நின்றுகொண்டிருந்தது. அதில் ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தின் வலது ஓரத்தில் லோகாவுக்கு ஒரு கூடமும் சமையலறையும் இருந்தன. ஜன்னலுக்கு வெளியே கத்தரித் தோட்டத்தின் புகைப்படம். அங்கே எந்நேரமும் பகல் பதினொரு மணி.

போன மாதம் எனக்கு ஓர் அறிவிப்பு வந்தது. எட்டாம் தேதி, வெள்ளிக்கிழமை, மாலை நான்கு மணிக்குத் தளத்தை மூடுகிறார்கள். குடியிருப்பவர்களை உறவினர் யாராவது நேரில் வந்து, உடன் வரச் சம்மதமா என்று கேட்டால் அவர்களோடு அனுப்பிவிடுவார்கள். கேட்கப்படாதவர்கள் தளத்தோடு சேர்த்து மூடப்படுவார்கள்.

லோகாவுக்கு என்னைத் தவிர யாரும் இல்லை. கேட்காமல் அவள் எங்கும் வரமாட்டாள். அவள் கணவர் இறந்த பிறகு என் வீட்டில் ஏழு நாள் இருந்தாள். இருப்பதானால் அவளே சொல்லுவாள் என்று நான் இருந்தேன். அக்கா கேட்பாள் என்று அவள் இருந்திருக்கிறாள். எட்டாம் நாள் காலை பெட்டியைக் கட்டினாள். நான் பஸ் ஸ்டாண்டு வரை போய், ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அதனால் இந்த முறை நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். என்னோடு வந்து இருக்கிறாயா?

தளத்துக்குப் போக இரண்டு சாவடிகளைத் தாண்ட வேண்டும். நாம் வெளியே சொல்லும் முகவரி உள்ளே செல்லாது. அதைச் சாவடியில் உள்முகவரியாக மாற்றி எழுதித் தருவார்கள். வெளிச் சாவடியில் ஆசீர்வாதம் என்பவர் எழுதுகிறார். நரைத்த மீசை, இரண்டு பேனா. முகவரியில் எழுத்தும் எண்ணும் இருந்தால் சிரமமில்லை. குறிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி உண்டு. ‘மற்றும்’ (&) குறியால் இணைந்து வந்த ஒரு தம்பதியை என் கண்ணெதிரில் அந்தக் குறியில் பிரித்து இரண்டு வரிசையில் நிற்க வைத்தார். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சதுரக் கட்டக் (#) குறிக்குப் பின்னால் இருப்பவர்கள் சாவடிக்கே வருவதில்லை. அவர்களை வீட்டிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் மட்டும் வருகிறார்கள்.

முதல் தடவை நான் முகவரியையும் அதன் முடிவில் ஒரு கேள்விக்குறியையும் அதற்குப் பின்னால் என் கேள்வியையும் எழுதிக் கொடுத்தேன். ஆசீர்வாதம் கேள்விக்குறியில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து கடைசி வரை கத்தரித்து ஒரு டப்பாவில் வைத்தார். பின்னால் வருவதையும் சேர்த்து அனுப்பு என்று விதியில் எழுதியிருந்தால்தான் அனுப்பலாமாம். விதி எழுதியவர் அதை எழுத மறந்துவிட்டார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார்.

வெட்டிய கேள்வி உள்ளே போகிறவருக்கு ஞாபகம் இருப்பதில்லை. நான் லோகாவின் கூடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் காப்பி கொடுத்தாள். முட்டிவலிக்கு என்ன தைலம் என்று விசாரித்தாள். நடுவில் ஒரு தடவை, “என்ன விஷயமா வந்தேக்கா?” என்றாள். சும்மாதான் என்றேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கழுவி முடிக்க ஆகும் நேரத்துக்கு மேல் அங்கேயே நின்றாள். திரும்பும்போது ஆசீர்வாதம் டப்பாவைத் திறந்து கேள்வியைக் கொடுத்தார். வாங்கியதும் ஞாபகம் வந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

இரண்டாம் தடவை அவரே ஒரு வழி சொன்னார். கேள்விக்குறியை வெறுமனே கொண்டுபோகக் கூடாது. உறையில் போட்டுக் கொண்டுபோகலாம். உறையின் மேல் சதவீதக் குறி போட்டு, மூன்று, எஃப் என்று எழுத வேண்டும். அப்படி எழுதியிருந்தால் உள்ளே இருப்பது கேள்விக்குறி என்று எல்லாச் சாவடிக்கும் தெரியும், ஆனால் யாரும் கேள்விக்குறியைப் பார்த்ததாக ஆகாது. நான் கேள்வியை முழுவதுமாக அதில் போட்டு ஒட்டினேன். ஆசீர்வாதம் கோடு போடவில்லை. ஆனால் முகவரியை மாற்றி எழுதுவதற்கு முன் உறையைப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பது விதி. பிரித்தார், படித்தார், எழுதினார். திரும்ப உறையில் போட வேண்டும் என்று விதியில் இல்லை.

அப்படியே கையில் பிடித்துக்கொண்டு உள் சாவடிக்குப் போனேன். அங்கே இருந்த பெண் கேள்விக்குறியைப் பார்த்துக் கத்தரியை எடுத்தாள்.

அன்றும் லோகா காப்பி கொடுத்தாள். “சும்மாதானா?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துத் தூசி தட்டிவிட்டு மறுபடி உள்ளே தள்ளினாள்.

வெளியே வந்ததும் நான் ஒரு மனு எழுதினேன். பிரித்துப் பார்க்கும் உறையைச் சாவடியிலேயே மீண்டும் ஒட்டித் தர வேண்டும் என்று கேட்டிருந்தேன். முப்பத்திரண்டு வருடம் நில அளவை அலுவலகத்தில் மனுக்களை வாங்கியவள் நான். ஒரு மனு எத்தனை நாள் எந்த மேஜையில் கிடக்கும் என்று எனக்குத் தெரியும். எட்டாம் தேதிக்குள் ஒன்றும் நடக்காது என்று கணக்குப் போட்டேன். அதனால் வெள்ளிக்கிழமை என் கேள்வியை உறையில் போட்டு, அந்த உறையை இன்னோர் உறையில் போட்டேன். முதல் சாவடியில் ஒன்றைப் பிரிப்பார்கள், இரண்டாம் சாவடியில் ஒன்றைப் பிரிப்பார்கள், லோகாவின் கையில் கேள்வி முழுசாகக் கிடைக்கும்.

சாவடியில் புது விதி ஒட்டியிருந்தது. மனு வந்த அன்றைக்கே கையெழுத்தாகிவிட்டதாம்.

“நீங்க எழுதினது நல்லதாப் போச்சும்மா,” என்றார் ஆசீர்வாதம். “இனிமே நாங்க ஒண்ணையும் பிரிக்கிறதில்ல. குறி தெரிஞ்சா மேல ஒரு உறை போட்டுடுறோம்.”

உறையின் மேல் இருக்கும் சதவீதக் குறியும் ஒரு குறிதான். அதைப் பார்த்து அவர் ஓர் உறை போட்டார். சதவீதக் குறியை மூடும் உறையின் மேல் சதவீதக் குறி போட்டு இரண்டு, ஐந்து என்று எழுத வேண்டியிருந்ததால், ஆள் மாறும் நேரத்தில் வந்தவர் அதற்கும் ஓர் உறை போட்டார். உள் சாவடிப் பெண் இரண்டு போட்டாள். போகலாமா என்று நான் கேட்டேன். அதில் கேள்விக்குறி இருந்ததால் இன்னொன்று போட்டாள். நான் லோகாவின் வாசலுக்கு வந்தபோது உறை ஒரு தலையணை அளவு இருந்தது. மணி மூன்றரை.

லோகா அதை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே இருந்ததைப் படித்தாள். சதவீதம், இரண்டு, ஐந்து, இரண்டு, ஐந்து, இரண்டு, ஐந்து. ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். பசை ஈரமாக இருந்தது. காயாமல் பிரித்தால் உள்ளே இருப்பது கிழிந்துவிடும். ஜன்னலில் காட்டினாள். புகைப்பட வெயிலுக்குச் சூடு கிடையாது.

உறைக்குள் இருக்கும் கேள்வியைக் கொண்டுவந்தவர் வாயால் சொல்ல முடியாது. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தளம் முழுவதும் மற்றவர்கள் பெட்டி தூக்கிப் போகும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு கிழவரிடம் அவர் பேத்தி, வருகிறீர்களா தாத்தா என்று கேட்டுக்கொண்டே நடந்தாள். அவள் சாவடி ஊழியர் ஒருவரின் மகள். ஊழியர்களின் குழந்தைகளுக்குக் கேள்விக்குத் தடையில்லை.

நாலுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது லோகா உறையை ஜன்னல் திட்டில் சாய்த்து வைத்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

“பசை காய ரெண்டு நாள் ஆகும்,” என்றாள். “அதுவரைக்கும் இங்கேயே இரு.”

அது கேள்வியல்ல. அதை யாரும் வெட்டவில்லை. நான் சரி என்றேன். என் செருப்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

நான்கு மணிக்குத் தளத்தை மூடினார்கள். கத்தரித் தோட்டம் முதலில் போனது, பிறகு ஜன்னலும் அதன் திட்டும், பிறகு கூரை. சமையலறை சற்றுத் தாமதமாகப் போனது.

ஊர் ஊராகப் போய்ப் பக்கங்களைப் பிரதி எடுக்கும் தேடுபொறி ஆள் ஒருவர் அந்த வாரம் செவ்வாய்க்கிழமை இந்தப் பக்கத்தையும் பிரதி எடுத்துப் போயிருந்தார். இப்போது அந்தப் பிரதியில்தான் இருக்கிறோம். நன்றாக இருக்கிறது. இங்கே எல்லா நாளும் செவ்வாய்க்கிழமை. நான் வந்தது வெள்ளிக்கிழமை என்பதால் இன்னும் வந்து சேரவில்லை. மத்தியானம் லோகா இரண்டு தட்டு வைக்கிறாள்.

“வெள்ளிக்கிழமை அக்கா வருவா,” என்று சொல்லிக்கொண்டே எனக்கு இன்னும் கொஞ்சம் சாதம் போடுகிறாள்.