பொன்னெற்றி

முதுகுக்குப் பின்னால் அரிவாள் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது. பாதையில் வெட்டுவதற்கு ஒன்றுமே இல்லை. சொய்லா நேற்றுத்தான் அதைச் சுத்தம் செய்திருந்தாள். இருந்தும் அவளுடைய அண்ணன் அபெலார்தோ பத்தடிக்கு ஒருமுறை ஏதாவது ஒரு கொடியை வெட்டித் தள்ளிக்கொண்டு வந்தான். தான் வருவது அவளுக்கு உறைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். பதினொரு மாதமாக அவன் அவளோடு பேசவில்லை. இன்றைக்கும் பேச வரவில்லை. தலைநகர் கித்தோவிலிருந்து வரும் பறவை ஆராய்ச்சி டாக்டரம்மாவின் கண்ணில் இவள் மண்ணைத் தூவிவிடாமல் பார்த்துக்கொள்ள ஊர் அவனைச் சாட்சியாக அனுப்பியிருந்தது.

எல்லாம் கட்டைவிரல் அளவு பறவை ஒன்றால் வந்தது. போன வருஷம் இந்த மலைமுகட்டில் சொய்லா ஒரு ரீங்காரச் சிட்டைப் படம் பிடித்தாள். பார்த்தால் ஊரில் எல்லார் வீட்டு வேலியிலும் பறக்கிற பச்சைச் சிட்டுதான். ஆனால் நெற்றியில் பொன் நிறத்தில் ஒரு பட்டை. அப்படி ஒன்றை நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ சுட்டுக் கொண்டுபோய் அருங்காட்சியகத்து இழுப்பறையில் வைத்திருக்கிறார்களாம். அதன் பிறகு உயிரோடு யாரும் பார்த்ததில்லையாம். பறவைக் கணக்கெடுப்புக்காரர்கள் அவளுக்குக் கொடுத்திருந்த பழைய கேமராவில் எடுத்த மூன்று படங்கள் கித்தோவுக்குப் போயின. இரண்டே மாதத்தில், முகட்டை வெட்டி அவர்கள் ஊரான சான் எலியாஸுக்கு வரவிருந்த ரோடு நின்றது. பொன்னெற்றி இருப்பது உறுதியானால் ரோடு இனி வரவே வராது. இல்லையென்றால் அடுத்த மாதமே இயந்திரங்கள் மலையேறும். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத்தான் டாக்டர் மகாலி யெபெஸ் கோவேறு கழுதை மேல் உட்கார்ந்து கீழேயிருந்து ஏறி வந்துகொண்டிருந்தார்.

ஊர் அவளை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. கடைக்காரன் சர்க்கரை மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு சர்க்கரை தீர்ந்துபோச்சு என்றான். முற்றத்தில் சிட்டுகளுக்கு அவள் தொங்கவிட்ட சர்க்கரைத் தண்ணீரில் ஒருநாள் மிளகாய் மிதந்தது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது மிங்காவில்தான். ஊர் கூடி வாய்க்கால் தூர்வாரும் மிங்காவுக்கு வராதவருக்கு அபராதம் உண்டு. அவள் மண்வெட்டியோடு முதல் ஆளாகப் போய் நின்றாள். பட்டியல் வாசித்தவன் அவளுடைய பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனான். இல்லாத ஆளுக்கு அபராதம் எப்படிப் போடுவது? அன்று வீட்டுக்கு வந்து மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நெடுநேரம் அழுதாள்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பிடிவாதம் ஏறிவிட்டது. மூன்றாம் வகுப்பு படித்தவள், நாற்பத்தேழு வயது, புருஷன் விட்டுப்போனவள். அவள் சொல்லை எந்த விஷயத்திலும் யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை. கித்தோவில் இருக்கும் பெரிய மனிதர்கள் அவள் சொல்லைக் கேட்டு ஒரு ரோட்டையே நிறுத்தினார்கள். டாக்டரம்மா எழுதிய கடிதத்தில், நெற்றியில் இருப்பது பூந்தூளாக இருக்கலாம் என்று ஆராய்ச்சிக் குழுவில் ஒருவர் சந்தேகப்படுகிறார் என்று படித்தபோது அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. சிறகடிக்கும் ஓசையை வைத்தே எந்தச் சிட்டு என்று சொல்லக்கூடியவளுக்கா பூந்தூள் தெரியாது?

முகட்டில் விழுந்துகிடந்த மரத்தின் பக்கம் போய் உட்கார்ந்தாள். அதன் மட்கிய அடிப்பக்கத்தில் ஒரு புதர், இடுப்பு உயரம், பள்ளத்தாக்கைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. சின்னச் சின்ன மணிகளாக வெள்ளைப் பூக்கள் தலைகீழாகத் தொங்கின. இந்தப் பருவத்தில் முகட்டில் பூத்திருந்தது அது ஒன்றுதான். அபெலார்தோ எதிரே நின்றான். பையிலிருந்து வறுத்த சோளத்தை எடுத்துத் தனியாகத் தின்றான்.

"ஊரையே வித்து ஒரு குருவி வாங்கியிருக்கா," என்றான், மரத்தைப் பார்த்து.

"வித்தா வாங்க ஆள் வேணுமே. உங்க ஊர எவன் வாங்குவான்?"

"வாய் மட்டும் குறையல." சோளத்தைத் துப்பினான். "தெல்ஃபீனாவ நாற்காலியில கட்டித் தூக்கிட்டு ஓடுனப்ப உன் குருவி எங்கடி இருந்துச்சு?"

"நானுந்தான கூட வந்தேன்."

"வந்த. பிளாஸ்டிக்கத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு வந்த."

அது உண்மைதான். ரோடு இல்லாத மலையில், மழையில் ஐந்து மணி நேரம், பிரசவ வலியில் கிடந்த அண்ணியின் தலைக்கு மேல் அந்த பிளாஸ்டிக் தாளைப் பிடித்தபடியே சேற்றில் ஓடினாள். இரண்டாவது ஓடையைத் தாண்டியபோது அண்ணியின் கை நாற்காலிக்கு வெளியே நழுவித் தொங்கியது. பார்த்தவள் சொய்லாதான். தூக்கியவர்கள் இன்னும் அரை மணி நேரம் ஓடினார்கள். உயிர் போனதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தூறல் விழுந்தது. அப்போதுதான் சிட்டு வந்தது. சிறகோசை கேட்டதும் சொய்லா கேமராவை எடுத்தாள். நனைந்த அகல இலை ஒன்றின் மேல் அது இறங்கியது. பொன் நெற்றி பளிச்சென்று தெரிந்தது. இலையில் தேங்கிய நீரில் வயிற்றைத் தேய்த்தது, தலையை முக்கியது, புரண்டது. பிறகு பக்கத்துக் குச்சியில் உட்கார்ந்து இறகுகளைச் சிலிர்த்தது. நெற்றி பச்சையாக இருந்தது. வெறும் பச்சை.

சொய்லா கேமராவை மெல்ல இறக்கினாள்.

அபெலார்தோ முதலில் புரியாமல் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான். மரத்தில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் நீர் வருமளவு சிரித்தான்.

"கழுவுனா போற சாயமாடி உன் தங்கம்?"

"அது வேற பறவ."

"வாலுல இடப்பக்கம் ஒரு இறகு இல்ல. போன வாரம் பாத்தப்பவும் இல்ல, இன்னைக்கு வந்தப்பவும் இல்ல, இப்பவும் இல்ல. எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா?"

அவனும் இத்தனை நாள் இங்கே வந்து பார்த்திருக்கிறான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. சிட்டு குச்சியை விட்டு எழும்பி அந்தப் புதருக்குப் போனது. ஒரு மணிப்பூவுக்குள் தலையை நுழைத்தது, இன்னொன்றுக்குள், மற்றொன்றுக்குள். வெளியே வந்தபோது நெற்றி மறுபடியும் பொன்னாக மின்னியது. அது குச்சிக்குத் திரும்பியது. கீழே கோவேறு கழுதையின் மணி கேட்டது. சொய்லா கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனாள்.

"அடிப்பாவி," என்றான் அபெலார்தோ. "இத அவளுக்குக் காட்டப் போறியா?"

அரிவாளை ஓங்கினான். ஒரே வெட்டு. புதரை இரு கைகளாலும் பிடித்துத் திருகி, மார்போடு அணைத்து அடிக்கட்டையிலிருந்து இழுத்துப் பிய்த்தான். பூக்கள் அவன் முகத்தில் உரச, அப்படியே தூக்கிப் பள்ளத்தாக்கில் வீசினான். மேகத்துக்குள் விழுந்தது. எங்கே விழுந்தது என்ற சத்தம்கூட வரவில்லை.

சொய்லா அவனையே பார்த்தாள். அவனுக்கு முன்பே அவளுக்குப் புரிந்தது. கழுவிக் காட்டவும் இப்போது இலையில் நீர் இல்லை, தூறல் நின்றுவிட்டது. வெறும் அடிக்கட்டைதான் மிச்சம், அதில் பூ இருந்தது என்பதற்கு அடையாளமும் இல்லை.

"முட்டாப் பயலே," என்றாள். "உன் ரோட்ட நீயே வெட்டி எறிஞ்சிட்ட."

அவனுக்கு விளங்குவதற்குள் டாக்டரம்மா மூச்சுவாங்கியபடி மேலே வந்துவிட்டார். எங்கே என்று சைகையால் கேட்டார். சொய்லாவின் விரல் தானாக நீண்டது. டாக்டரம்மா பைனாகுலரை உயர்த்தினார். நெடுநேரம் இறக்கவில்லை.

"கடவுளே," என்றார் மெதுவாக. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "பக்கத்துல மஞ்சத்தூள் உள்ள பூ ஏதாவது பூத்திருக்கா? கேட்டாகணும், தப்பா நெனைக்காதீங்க," என்றார்.

"இருந்துச்சு!" அபெலார்தோ கத்தினான். "இங்கதான் இருந்துச்சு! நான்தான் வெட்டி வீசுனேன்!"

டாக்டரம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை, அவன் காலடியில் கிடந்த அரிவாளைப் பார்த்தார். தரையிலிருந்த கட்டையைப் பார்த்தார். "எதுக்கு வெட்டுனீங்க?"

"நீங்க ஏமாந்துடக் கூடாதுன்னு."

"இருந்த ஒரே சாட்சிய வெட்டிட்டு, நான் ஏமாறக் கூடாதுன்னா?" அவர் அவனைக் கடந்து அவன் முதுகுப் பக்கமாகப் போய் நின்று, மறுபடியும் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். "சொய்லா, நீங்க சொல்லுங்க. நீங்க சொல்றத அப்படியே எழுதிக்கிறேன்."

அண்ணன் அவளுக்கு எதிரே நின்றான். தொப்பி எங்கோ விழுந்திருந்தது. அவன் கெஞ்சவில்லை. அவளிடம் கெஞ்சுவதற்குச் செத்துப்போகலாம் என்பது போல முறைத்தான். அவனுடைய நெற்றி முழுவதும், புருவம் வரை, பொன் நிறத்தில் தூள் அப்பியிருந்தது. அவனுக்கு அது தெரியவில்லை. அவனுடைய முதுகைத்தான் டாக்டரம்மாவால் பார்க்க முடியும். சொய்லா ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. சொல்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் கடைக்காரன் முகம் நினைவுக்கு வந்தது. பட்டியலில் இருந்து விழுந்த பெயர் நினைவுக்கு வந்தது. நாற்காலிக்கு வெளியே தொங்கிய கையும் வந்தது.

சிட்டு குச்சியை விட்டு எழுந்தது. புதர் இருந்த இடத்துக்கு வந்தது. இடுப்பு உயரத்தில், ஒன்றுமில்லாத காற்றில் நின்று அலகை நீட்டியது. பின்வாங்கியது. ஒரு சாண் தள்ளி மறுபடியும் நீட்டியது. ஒவ்வொரு மணியும் தொங்கிய இடம் அதற்கு நினைவிருந்தது.

"அது என்னத்தத் தேடுது?" என்று பின்னாலிருந்து டாக்டரம்மா கேட்டார்.

சிட்டு மெல்ல மேலே எழும்பி அபெலார்தோவின் நெற்றிக்கு முன்னால் வந்து நின்றது. சிறகுக் காற்றில் அவனுடைய முன்மயிர் அசைந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். மறுபடியும் தூற ஆரம்பித்தது. முதல் துளி அவன் புருவத்தில் விழுந்து, மூக்கோரமாக ஒரு மஞ்சள் கோடாக இறங்கியது.