முன்னதாகப் புறப்பட்ட பெட்டி

கடவுச்சீட்டைக் கையில் ஏந்தியவாறு கடல்கடந்த கிளேட்டன் நகரில், தான் தங்கியிருந்த சின்னம்மா வீட்டின் அறைதோறும் தேடியும் சுபாங்கனுக்குத் தன் பெட்டி அகப்படவில்லை. மறுநாட் காலை கொழும்பில் அவன் தங்கைக்குத் திருமணம். மாப்பிள்ளையின் கால் கழுவி மண்டபத்துள் அழைத்துச் செல்ல வேண்டியவன் பெண்ணின் உடன்பிறந்தான். அவளுக்கோ இவன் ஒருவனே. ஆய்வுகூடத்தில் மன்றாடி விடுப்புப் பெற்றபோது, இந்த ஒரு விமானத்தில்தான் இடம் எஞ்சியிருந்தது.

“சின்னம்மா, என்ரை பெட்டி எங்கை?”

முழங்காற் சத்திரசிகிச்சையால் பயணத்தைக் கைவிட்டிருந்த சிவனேஸ்வரி, கதிரையை விட்டு அசையாமல் விடையளித்தாள்.

“அது காலைமையே வெளிக்கிட்டிட்டுது. இண்டைக்கு வியாழன், ஒண்டரை தொடக்கம் மூண்டு மட்டும் ராகுகாலம். அதுதான் நல்ல நேரத்திலை முன்வீட்டு யாமினியைக் கூப்பிட்டு அவ வீட்டிலை வைப்பிச்சனான். பெட்டி வெளிக்கிட்டால் ஆள் வெளிக்கிட்ட மாதிரி. எண்டாலும் நீ மூண்டு கழியப் போ.”

“அஞ்சரைக்குப் பிளேன். நாலரையோடை பெட்டி எடுக்கிறதை நிப்பாட்டிப்போடுவினம்.”

“ஆறு மணித்தியாலப் பயணத்துக்கு ஏன் இப்பிடி அந்தரப்படுறாய்? ரிக்கற்றைப் பாத்தனான். அஞ்சரைக்கு ஏறுறாய், பதினொண்டரைக்கு இறங்குறாய்.”

சுபாங்கன் பல்லைக் கடித்தான். இந்தக் கணக்கை அவன் அந்தக் கிழமையில் எத்தனை தடவை திருத்தினான் என்பது அவனுக்கே நினைவில்லை.

“பதினொண்டரை கொழும்பு நேரம், சின்னம்மா. பத்தரை மணித்தியாலம் பறக்கவேணும். எண்ணாயிரம் கிலோமீற்றருக்கு மேலை. அங்கத்தை மணிக்கூடு எங்களுக்கு நாலரை மணித்தியாலம் பின்னுக்கு.”

“அப்ப உனக்கு நாலரை மணித்தியாலம் மிச்சம்தானே.”

அவன் யாமினியைத் தொலைபேசியில் அழைத்தான்.

“ஐயோ, நான் சிட்டில இருக்கேன் சுபா. மூணு மணிக்கு மேலதான் பெட்டி வேணும்னு ஆன்ட்டி சொன்னாங்களே. வீடு பூட்டியிருக்கு.”

வீதிக்கு அப்பாலிருந்த அந்தப் பூட்டிய கதவை அவன் வெறித்துப் பார்த்தான். பட்டு வேட்டியும் தங்கைக்கு வாங்கிய கைக்கடிகாரமும் அதற்குள்ளேயே கிடந்தன. இப்போதே மணி இரண்டு; விமான நிலையத்துக்கு ஒன்றரை மணித்தியால ஓட்டம். பெட்டிக்காகக் காத்திருந்தால் விமானம் போய்விடும். தங்கையின் மண்டப வாசலில் எவனோ ஒருவன் நின்று மாப்பிள்ளையின் கால் கழுவுவான். அவன் டாக்சியை வரவழைத்தான்.

வாகனம் வாசலில் நின்றதும் சிவனேஸ்வரி ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள்.

“ராகுகாலத்திலை வாசல் தாண்டாதை, தம்பி. அதுவும் வெறுங்கையோடை.”

“நான் எங்கை இப்ப வெளிக்கிடுறன்? காலைமையே வெளிக்கிட்டாச்சு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”

சிவனேஸ்வரி ஒதுங்கி வழி விட்டாள். தான் வகுத்த முறையைத் தானே மறுப்பது எவ்வாறு?

“வேட்டிக்கு என்ன செய்வாய்?” என்று ஈற்றில் மெல்லக் கேட்டாள்.

“மாப்பிள்ளையிட்டை ஒண்டு கடன் கேக்கிறன். போட்டு வாறன், சின்னம்மா.”

டாக்சி திரும்புகையில் யாமினி வீட்டுச் சாளரத்தினூடே அவனுடைய சிவப்புப் பெட்டி தெரிந்தது. கைபிடி மேலே இழுக்கப்பட்டு, பயணத்துக்கு ஆயத்தமாக அது நின்றது.