எந்த ஊர்ப் பாம்பு

டெல்ஃபின் முட்டைப் பெட்டியின் மூடியைத் தூக்கினாள். ஒரு முட்டையில் கீறல் விழுந்து, அதன் வழியே ஒரு மூக்கு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. செம்மண் நிற மூக்கு.

"வந்துடுச்சா?" கட்டிலிலிருந்து கணவன் ராய்ஸ் கேட்டான்.

"இன்னும் இல்ல," என்று மூடியை வைத்தாள்.

இன்றைக்குத் தாண்டாது என்று காலையில் வந்த நர்ஸ் வாசலில் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். ராய்ஸுக்கும் அது தெரியும். சாவதானால் பாம்பு வளர்க்கும் அறையில்தான் என்று அடம்பிடித்துக் கட்டிலை இங்கே போட வைத்தவன் அவன்.

டாஃப்ட் ஊருக்கு மேற்கே, எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவில் கிடைக்கும் கோஃபர் பாம்பு வைக்கோல் மஞ்சளாக இருக்கும், முதுகில் கறுப்புத் திட்டுகளோடு. அதே பாம்பை அரிசோனாவில் டூசான் பக்கம் பிடித்தால் செங்கல் பொடியைத் தூவியது போல் இருக்கும். விஷம் கிடையாது, எலி தின்னும், சீற்றத்தில் மட்டும் ஊரைக் கூட்டும். ராய்ஸ் இரண்டையும் வளர்த்தான், ஒருநாளும் சேர்த்ததில்லை. பாம்பு வளர்க்கும் அவன் கூட்டாளிகளுக்கு அதுதான் ஒழுக்கம்: டாஃப்ட் பாம்புக்கு டாஃப்ட் ஜோடி. நிச்சயமில்லாத குட்டியை ஊர்ப் பெயர் சொல்லி ஒருத்தருக்கும் கொடுக்கக் கூடாது. கலப்புக் குட்டியை டாஃப்ட் என்று சொல்லி விற்றதற்காக, கூடப் பிறந்த தம்பி வென்டலோடு பேச்சையே நிறுத்தியவன். வென்டல் கிறிஸ்துமஸுக்குக் கேக் அனுப்பிப் பார்த்தும் மசியவில்லை.

இந்த முட்டைகளை இட்ட டாஃப்ட் பெண் பாம்பை அவன் பிடித்த மேட்டில் இப்போது சூரிய மின்தகடுகள் நிற்கின்றன, இனி அங்கே பாம்பு கிடைக்காது. பாம்புக்கும் வயதாகிவிட்டது, இவைதான் அதன் கடைசி முட்டைகள். பொரிக்கும் குட்டிகள் கூட்டாளி கிளீட்டுக்கு என்று எப்போதோ பேசி முடித்தது. சுத்தமான குட்டிகளாக இருந்தால் அவனிடம் வம்சம் நிற்கும். இல்லையென்றால் ராய்ஸோடு போயிற்று.

இதில் மண்ணைப் போட்டவள் டெல்ஃபினின் தங்கை நடீன். வசந்தத்தில் அக்காவுக்கு ஒத்தாசை என்று ஃப்ரெஸ்னோவிலிருந்து வந்தாள். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பார்கள். நடீன் நடுங்குகிறவள் இல்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கட்டிலுக்கு இடம் ஒதுக்கும்போது டூசான் ஆணின் பெட்டி நாறுகிறதென்று கழுவ எடுத்துப் போனவள், பாம்பைப் பக்கத்துப் பெட்டியில் டாஃப்ட் பெண்ணோடு போட்டுவிட்டு மறந்தே போனாள்.

"பாவம், ஒத்தையில கெடக்குதேன்னுதான்க்கா போட்டேன்," என்றாள் சாயங்காலம், இரண்டும் பின்னிக் கிடந்ததைப் பார்த்து டெல்ஃபின் தலையில் கைவைத்தபோது.

அந்த வாரம்தான் ராய்ஸ் டாஃப்ட் ஆணையும் பெண்ணோடு விட்டு எடுத்திருந்தான். முட்டைக்கு அப்பன் யார் என்பது கடவுளுக்கே வெளிச்சம். டெல்ஃபின் தங்கை வாயையும் தன் வாயையும் சேர்த்துப் பூட்டினாள்.

"பொய் சொல்ற," என்றான் ராய்ஸ். "மூடிய நீ இவ்ளோ மெதுவா வச்சதே இல்ல. கண்ணாடிய எடு."

"மொதல்ல சூப்பைக் குடி."

"குடிச்சிட்டு என்ன மலையா ஏறப் போறேன்? கொண்டா பெட்டிய."

கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள். கண்ணாடியையும் மாட்டிவிட்டாள். ஆக்ஸிஜன் இயந்திரம் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்க, ராய்ஸ் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தான்.

"இது டாஃப்ட் இல்ல."

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. நடீன் பெட்டி கழுவிய கதையைக் கொட்டிவிட்டாள். "சாகக் கெடக்கிற மனுஷன்கிட்ட இதச் சொல்லணும்னு எனக்குத் தலையெழுத்து," என்று அழுதாள்.

"எவ்ளோ நேரம் ஒண்ணா கெடந்துச்சு?"

"சாயங்காலம் வரைக்கும்."

"டூசான்காரன் குளிர்காலம் பூரா பட்டினி கெடந்தவன். போட்ட எலைய விட்டுட்டு எந்திரிப்பானா?" சிரித்தான். சிரிப்பு இருமலாகி, அவன் அடங்கும்வரை அவள் முதுகைப் பிடித்திருந்தாள். கண்ணோரம் நீர் வழிந்தது. இருமலால் மட்டும் வந்ததல்ல என்று அவளுக்குத் தெரியும்.

"கிளீட்டுக்கு என்ன சொல்றது?" என்றாள்.

"நடந்தத. எந்த ஊருன்னு கேட்டா இந்த ரூம்னு சொல்லு. வேற ஊர் சொல்லாத." மூச்சு வாங்கினான். "வென்டல் காதுக்கு மட்டும் போகக் கூடாது. வயிறு வலிக்கச் சிரிப்பான்."

அவள் போர்வையை இழுத்துவிட்டாள். அவன் தூங்கிவிட்டான் என்றுதான் நினைத்தாள்.

"இல்ல, போன் போட்டுச் சொல்லு," என்றான். "சிரிக்கட்டும்."

கண்ணாடியைக் கழற்றித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். மத்தியானம் அவன் மூச்சு நின்றது. நர்ஸ் வந்து இயந்திரத்தை நிறுத்தினாள், வண்டி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது. டெல்ஃபின் வென்டலுக்குப் போன் போட்டு, செத்ததையும் சொல்லி, பெட்டி கழுவிய கதையையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். வென்டல் சிரிக்கவில்லை. புறப்பட்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான்.

பொழுது சாயும்போது கிளீட் உருளைக்கிழங்குப் பண்டம் ஒன்றைத் தட்டில் மூடி எடுத்துக்கொண்டு வந்தான். தொப்பியைக் கழற்றினான். சமையலறையில் கொஞ்சம் நின்றான். பிறகு தயங்கித் தயங்கி, "முட்டை…?" என்றான்.

கூட்டிப்போய் மூடியைத் தூக்கினாள். சிவப்புக்குப் பக்கத்து முட்டையும் கீறியிருந்தது. வெளியே நீட்டிய தலை வைக்கோல் மஞ்சள்.

கிளீட் மண்டியிட்டான். "டாஃப்ட்," என்றான். "டெல்ஃபின், அச்சு அசல் டாஃப்ட். அவன் பாக்காமப் போயிட்டானே."

ஆமாம் என்று டெல்ஃபின் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ராய்ஸின் வம்சம் நின்றுவிடும்.

"ஒரு நாள் டூசான் ஆணும் அவளோட கெடந்துச்சு," என்றாள். "இதுக்கு அப்பன் யாருன்னு தெரியாது."

"இந்த மஞ்சளப் பாத்துமா சந்தேகம்?"

"நெறத்த வச்சு ஊர் சொல்லக் கூடாதுன்னு அவன் உங்கிட்ட சொன்னதே இல்லையா?"

"அப்போ எந்த ஊர்னு சொல்றது?" என்றான் கிளீட்.

"இந்த ரூம்."

அவன் தலையாட்டினான். காபி போடுகிறேன் என்று எழுந்து போனான். வந்தவன் காபி போடுவதா என்று அவள் தடுக்கவில்லை.

ராய்ஸின் கண்ணாடி இன்னும் அவள் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மாட்டிக்கொண்டு மஞ்சள் தலையை மறுபடி குனிந்து பார்த்தாள். அவள் கண்ணுக்கு அந்தக் கண்ணாடி சேரவில்லை, எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. இருந்தாலும் கழற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.