தானாக நிமிர்வது

எங்கள் கல்லூரி ட்ரோன் கிளப்பில் நாற்பத்திரண்டு உறுப்பினர்கள், ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், ஒரு ஃபிளெக்ஸ் பேனர், ஒரு ட்ரோன். ட்ரோன் கௌதமனுடையது. நான் செயலாளர். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று என்னைப் போட்டார்கள். தொடக்க விழாவில் முதல்வருக்குப் போர்த்திய பொன்னாடையை ட்ரோன் இறக்கை இழுத்துச் சுற்றிக்கொண்டது. ஆண்டறிக்கையில் அதை ‘செயல்விளக்கம்’ என்று எழுதியிருந்தேன்.

மோட்டார், போர்டு, கேமரா என்று ஒவ்வொன்றாக வாங்கி கௌதமனே பற்றவைத்துச் செய்த ட்ரோன் அது. கண்ணில் காகிள்ஸை மாட்டிக்கொண்டால் ட்ரோனின் மூக்கில் இருக்கும் கேமரா பார்ப்பதுதான் நமக்குத் தெரியும். ஆள் உட்கார்ந்திருப்பது வெள்ளகோவில் பக்கம் எங்கள் அப்பாவின் முருங்கைக் காட்டில். கண் மட்டும் மர வரிசைகளுக்கு நடுவே பறந்துகொண்டிருக்கும்.

ரிமோட்டில் மூன்று நிலைகள் உள்ள சுவிட்ச் ஒன்று உண்டு. முதலாவது ஆங்கிள் மோடு. ஸ்டிக்கைத் தள்ளினால் ட்ரோன் சாயும், விட்டால் தானாக நிமிர்ந்துகொள்ளும். நடுவில் ஹொரைசன். விட்டால் நிமிரும், முழுக்கத் தள்ளினால் குட்டிக்கரணமும் போடும். கூட்டணி ஆட்சி மாதிரி, யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. கடைசி அக்ரோ. எவ்வளவு சாய்த்தோமோ அந்தச் சாய்விலேயே போய்க்கொண்டிருக்கும். நிமிர்த்த வேண்டியது நம் கட்டைவிரல். மறந்தால் மண்.

கௌதமன் முதல் வாரத்திலேயே அக்ரோவுக்குப் போனவன். நான் மூன்று வருடமாக ஆங்கிளில் இருந்தேன்.

“ஏன்டா மோகனு, அந்த நடவண்டிய எப்பத்தான் உடுவே?”

“கல்யாணத்துக்கு அப்பறம்.”

“பொண்ணு ஊட்டுல கேட்டா என்னன்னு சொல்றது? மாப்ள ஆங்கிளுன்னா?”

“எவ்வளவு தள்ளுனாலும் நிமுந்துக்குவான்னு சொல்லு.”

பிப்ரவரியில் பெருந்துறை பைபாஸில் ஒரு நாய் குறுக்கே வந்தது. பைக்கை ஓட்டியது நான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. பின்னால் உட்கார்ந்திருந்த கௌதமனுக்கு வலது முழங்கையில் நரம்பு போனது. நாய்க்கு ஒன்றுமில்லை. அடுத்த வாரமும் அதே இடத்தில் நின்று என்னைப் பார்த்தது.

ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னார்: “நரம்பு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளருமுங்க தம்பி. வந்தா வரும்.”

நான் ஸ்கேலை எடுத்து அவன் முழங்கையிலிருந்து கட்டைவிரல் வரை அளந்தேன். பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேல் என்பதால் மூன்று முறை வைக்க வேண்டியிருந்தது. முந்நூற்று நாற்பது மில்லிமீட்டர். அப்படியென்றால் முந்நூற்று நாற்பது நாள். டாக்டர் சொன்ன ‘வந்தா’வை அளக்க என்னிடம் ஸ்கேல் இல்லை.

அவனுக்கு அத்தனை நாளும் இல்லை. பிரவின்குமார் எங்கள் சீனியர், கொச்சியில் விளம்பரப் படங்களுக்கு ட்ரோன் ஓட்டும் கம்பெனியில் இருக்கிறார். அங்கே ஜூன் கடைசி சனிக்கிழமை கௌதமனுக்குத் தேர்வு வைத்திருந்தார்கள். கட்டுமானம் முடியாத கட்டடம் ஒன்றில் சன்னல் வழியாகப் புகுந்து மாடி வழியாக வெளியே வர வேண்டும். ஒரே ஓட்டத்தில், அக்ரோவில். ஜனவரியில் கேட்டிருந்தால் பல் விளக்கிக்கொண்டே செய்து காட்டியிருப்பான்.

மே மாதம் முதல்முறையாகக் கட்டு இல்லாமல் ரிமோட்டைப் பிடித்தான். நான்கே விநாடியில் ட்ரோன் முருங்கை மரத்தில் இருந்தது. இரண்டாம் முறை ஆறு விநாடி. மூன்றாம் முறை பறக்கவில்லை. காகிள்ஸைக் கழற்றி என் மடியில் வைத்தான்.

“கிளப்புக்கே குடுத்துப்போடு. பேனருக்குத் தொணையா இருக்கட்டும்.”

அவன் அம்மா பாவாத்தாள் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. மகன் வயதுதான் எனக்கு, ஆனாலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார். போடாதீங்கம்மா என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன், ‘செரிங்க தம்பி’ என்பார். ஒரு நாள் என்னை வாசலோடு நிறுத்தினார்.

“அவன் சோறே உங்கறதில்லீங்க தம்பி. அந்தக் கையவே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறான். ஒருக்கா மட்டும் அதப் பறக்க வெச்சுப்போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

பைக்கை ஓட்டியது யார் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அன்று ட்ரோனை வீட்டுக்கு எடுத்து வந்து லேப்டாப்பில் மாட்டினேன். சுவிட்சின் மூன்று நிலைகளுக்கும் ஆங்கிளையே வைத்தேன். எந்தப் பக்கம் தட்டினாலும் ஆங்கிள்தான். காகிள்ஸ் திரையின் மூலையில் எந்த மோடு என்று எழுத்து வரும், அதையும் எடுத்தேன். திருட்டு என்றால் முழுத் திருட்டாக இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கௌதமன், அவன் அம்மா, நான் மூன்று பேரும் பஸ்ஸில் வெள்ளகோவில் போனோம். நான் பைக்கைத் தொடுவதில்லை. ‘இன்னும் ஒரே ஒருக்கா’ என்று அம்மாவும் நானும் கெஞ்சியதில் கௌதமன் காகிள்ஸை மாட்டினான். சுவிட்சை அக்ரோவுக்குத் தள்ளும் சத்தம் கேட்டது. கேமரா காட்டுவதை நானும் அம்மாவும் தனியாக ஒரு சிறு திரையில் பார்த்தோம்.

ட்ரோன் எழுந்தது, சாய்ந்தது. பிறகு ஒரு கணம் அந்தரத்தில் அப்படியே நின்றது. காற்று என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி கிளம்பி, இரண்டு மர வரிசைகளுக்கு நடுவே மெதுவாக, விழாமல் கடைசி வரை போய்த் திரும்பி வந்து இறங்கியது. நான்கு நிமிடம்.

“கை வந்துருச்சா சாமி?” என்றார் அம்மா.

கௌதமன் காகிள்ஸை உடனே கழற்றவில்லை. கழற்றியதும் முதலில் என்னைப் பார்த்தான், பிறகு அம்மாவை.

“வந்துருச்சும்மா” என்றான்.

அந்த வாரம் தினமும் கல்லூரி மைதானத்தில் பறந்தோம். அவன் ஒருமுறைகூடக் குட்டிக்கரணம் போடவில்லை. கை இன்னும் பழகட்டும் என்று இருக்கிறான் போல என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அம்மா சொன்னார், இரண்டு வேளையும் கேட்டு வாங்கி உண்கிறானாம். நான் பிப்ரவரிக்குப் பிறகு முதல்முறையாக ஒரு ஜோக்கை முழுதாகச் சொல்லி முடித்தேன். அவன் சிரித்தான்.

புதன்கிழமை சொன்னான்: “பிரவின் அண்ணங்கிட்டப் பேசிட்டேன்டா.”

தேர்வுக்கு வருவதாகச் சொல்லிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். கொச்சியில் அவர்கள் ட்ரோனைத் தருவார்கள். அதில் அக்ரோ அக்ரோவாகவே இருக்கும்.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து இடது கையால் பேட்டரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“கௌதமா, ஒண்ணு சொல்லோணும்.”

“மூணு பொசிசனும் ஆங்கிளு. அதானே?”

நான் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“எப்பத்திருந்து தெரியும்?”

“மொத நாளே. சாச்சு, ஸ்டிக்க உட்டுப் பாத்தேன். நிமுந்துக்கிச்சு.” துடைத்த பேட்டரியையே மறுபடி துடைத்தான். “நீ ஒருக்காலாச்சும் அக்ரோவுல ஓட்டியிருந்தீன்னா இந்த வேலையச் செஞ்சிருக்க மாட்டே. செத்த வெரலுக்குக்கூடத் தெரியும்டா அது.”

“அப்பறம் ஏன்டா சொல்லுல?”

“அம்மா பாத்துக்கிட்டிருந்துச்சு. நீ வேற, மூஞ்சிய அப்படிச் சிரிச்சாப்புல வெச்சிருந்தே. கீழ உழுந்தன்னைக்கிருந்து நீ அப்படி இருந்து நான் பாக்குல.”

“பிரவின் அண்ணங்கிட்ட...”

“வர்லீங்கன்னு சொல்லிட்டேன். வேற ஆளு இருக்குதான்னு கேட்டாரு. உம்பேரச் சொல்லலாம்னு பாத்தேன்.” பேட்டரியைக் கீழே வைத்தான். “கட்டடம் பாவம்னு உட்டுட்டேன்.”

சிரிக்க வேண்டிய இடம் என்று இருவருக்கும் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை.

வேலை முடிந்து அம்மா உள்ளே வந்தார். கையில் புதுப் பயணப் பை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காதது. “கொச்சியில நெம்ப மழையாமுங்க தம்பி. தண்ணி எறங்காத பையாக் கேட்டு வாங்கியாந்தேன்” என்று அதைக் கட்டிலில் வைத்தார்.

நான் வாயைத் திறந்தேன். கௌதமன் முந்திக்கொண்டான்.

“அம்மா, கொச்சிக்குப் போகுல. எனக்குக் கை வரலீம்மா.”

“அன்னைக்குப் பறந்துச்சே?”

“அது தானா நிமுந்துக்கறதும்மா. கை நடுங்குனாலும் உழுகாது. அப்படி ஒண்ணு இருக்குது அதுல.”

“நாந்தாம்மா மாத்தி வெச்சேன்” என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பையின் வாரை நீவிக்கொண்டிருந்தார்.

“உழுகாமப் போகுதுன்னா, அதுலயே ஓட்டுனா ஆகாதா கண்ணு?”

“ஆகாதும்மா. சாஞ்சாப்புல சன்னல்ல பூந்து, தலகீழாத் திரும்பி வரோணும். அதுல முடியாது.”

“தலகீழா எதுக்குச் சாமி போகோணும்?”

கௌதமன் சொல்ல ஆரம்பித்தான். வார்த்தை போதாமல் கையைத் தூக்கினான், எப்போதும் எங்களுக்குக் காட்டுவதுபோல. உள்ளங்கை ட்ரோன் ஆனது, பக்கவாட்டில் சாய்ந்தது, அப்படியே புரள வேண்டும். பாதி புரண்டு அங்கேயே நின்றுவிட்டது. விரல்கள் நடுங்கின. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா அந்தக் கையைப் பிடித்து இறக்கி, தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். உள்ளே அது இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் சேலைத் தலைப்பு லேசாக அசைந்தது.