ராணி வழிக் குட்டிகள் விற்பனைக்கு

என் கடைக்கு விளம்பரம் கொடுக்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. ஊரெல்லாம் பார்க்க வேண்டும் என்று கொடுக்கிறவர்கள் ஒரு ரகம். வீடு வாடகைக்கு, மணமகன் தேவை, நினைவு அஞ்சலி எல்லாம் இதில் அடக்கம். போட்டோ சின்னதாக வந்துவிட்டது என்று மறுநாள் காலையிலேயே சண்டைக்கு நிற்பார்கள். இன்னொரு ரகம், ஒருத்தர் கண்ணிலும் பட்டுவிடக் கூடாது என்று கொடுக்கிறவர்கள். கோர்ட் நோட்டீஸ் கொடுக்கிறவர்கள் அந்த ரகம்.

விஷயம் இதுதான். ஒருத்தர் மேல் வழக்குப் போட்டு, அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாமல் தபால் திரும்பி வந்தால், பேப்பரில் அறிவிப்புப் போடச் சொல்லிக் கோர்ட் உத்தரவு போடும். இன்ன தேதியில் வந்து ஆஜராகு, இல்லையென்றால் நீ இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும் என்று அதில் இருக்கும். எதிராளி அதைப் பார்த்துத் தொலைத்தால் வந்து நின்று வாதாடுவான், கேஸ் இழுக்கும். அதனால் டீக்கடையில்கூட வாங்காத பேப்பராகத் தேடிப் பிடித்து, அதிலும் மடிப்புக்குள் போகிற பக்கமாகப் பார்த்துப் போடச் சொல்வார்கள். யாரும் படித்துவிடக் கூடாது என்பதற்காகவே அச்சடிக்கிற சமாச்சாரம் உலகத்தில் வேறு எதுவும் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

நான் ஜஸீமா. பிறந்தது கடையநல்லூர், வாக்கப்பட்டது சங்கரன்கோவில். கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ், டைப்பிங், பேப்பர் விளம்பரம் மூன்றும் சேர்த்து ஒரு கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் சைஃபுல்லா ஷார்ஜாவில் இருக்கிறார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று மாமியார் சொல்வார், என்னமோ டேப் வைத்து அளந்து பார்த்த மாதிரி.

ஞானசெல்வி அக்கா கடைக்கு வந்தபோதும், கையில் கோர்ட் உத்தரவைப் பார்த்ததும் நான் வழக்கமாகக் கேட்கிறதைத்தான் கேட்டேன்.

"யாரும் வாங்காத பேப்பரா பாத்துப் போட்டிரவாக்கா?"

"ஐயோ, வேண்டாம் மக்கா. எல்லாரும் வாங்குற பேப்பர்ல போடணும். எந்தம்பி கண்ணுல கண்டிப்பா படணும்."

எனக்குச் சரியாகக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தேன். "தம்பி மேலதான கேஸு?"

"ஆமா."

"கேஸு போட்டுட்டு அவரு வரணும்னு நெனைக்கீயளா?"

அவ்வளவுதான், அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்கு யாராவது அழுதால் கோபம்தான் முதலில் வரும். மெஷினை நிறுத்திவிட்டு, "அழாமச் சொல்லுங்கக்கா, கரண்டு வேற போகப் போகுது" என்றேன்.

இளையரசனேந்தல் பக்கம் அக்காவுக்கும் தம்பி சாம்சனுக்கும் பொதுவில் கொஞ்சம் கரிசல் காடு இருக்கிறது. மழையை நம்பி விதைத்து, மழை ஏமாற்றினால் மிளகாய்ச் செடி நின்ற நிலையில் கருகும். போர் போட்டு மோட்டார் கனெக்‌ஷன் கேட்கப் போனால், இன்னொரு பங்குதாரர் கையெழுத்து எங்கே என்று கேட்டுவிட்டார்கள். சாம்சன் வீட்டை விட்டுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. வக்கீல் இசக்கித்துரையிடம் யோசனை கேட்கப் போனாள். பாகப்பிரிவினை கேஸ் போட்டால் கையெழுத்துத் தொல்லை தீர்ந்தது என்று அவர் சொன்னார். அக்காவும் தலையாட்டிவிட்டாள். பேப்பரில் 'வாதி ஞானசெல்வி, பிரதிவாதி சாம்சன்' என்று இரண்டு பெயரும் எதிரும் புதிருமாக வரும் என்று, நோட்டீஸை டைப் அடித்துக் கையில் கொடுத்த பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது.

"அவன் வராம தீர்ப்பாச்சின்னா எம்பங்குக் காடு எனக்குன்னு பிரிஞ்சிரும் மக்கா, அவன் பங்கும் அவனுக்குன்னு இருக்கும். ஆனா என்னைக்காச்சும் அவன் காதுல விழும்லா, அக்காக்காரி கோர்ட்டுக்கு இழுத்து எழுதி வாங்கிட்டான்னு? அதுக்கு மேல இந்த ஊர்ப் பக்கம் தல வச்சிப் படுப்பானா? கேஸ் செயிச்சி நான் தம்பியத் தோக்கணுமா?"

நான் வக்கீலுக்குப் போன் போட்டேன். பேப்பர் பெயரை மாற்றிக் கோர்ட்டில் எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"பெரிய பேப்பர்ல போட்டா அந்தப் பய வந்து நின்னாலும் நிப்பாம்மா" என்றார் இசக்கித்துரை.

"வரட்டும் சார். அவங்களுக்கு அதான வேணும்?"

"அப்பம் கேஸு எதுக்குப் போட்டாவ?"

"நீங்க சொன்னியன்னுதான் போட்டாவ!"

அவர் கொஞ்ச நேரம் முணுமுணுத்துவிட்டு ஒத்துக்கொண்டார். ஆனால் நோட்டீஸில் உள்ள வாசகத்தை மாற்ற அவருக்கும் உரிமை கிடையாது, எனக்கும் கிடையாது. 'ஆஜராகத் தவறினால் ஒருதலைப்பட்சமாகத் தீர்மானிக்கப்படும்' என்கிற வரியைப் படித்து எந்தத் தம்பி பாசம் பொங்கி ஓடி வருவான்? பக்கத்திலேயே தனியாக ஒரு வரி விளம்பரம் போடலாம் என்று நான்தான் சொன்னேன். 'சாம்சன், எங்கிருந்தாலும் உடனே வீட்டுக்கு வரவும். யாரும் உன்னைத் திட்ட மாட்டோம்.' வழக்கமாக எல்லோரும் போடுகிறதுதான்.

"அதெல்லாம் அந்தக் காலத்துலயே போட்டாச்சி. அப்பா இருக்கும்போது போட்டோம், அப்பா செத்தப்பவும் போட்டோம். வரல."

"அவரு பேப்பர் படிப்பாரா?"

"நாய் விளம்பரம் மட்டும் படிப்பான். ஞாயித்துக்கெழம பேப்பர் வந்தா அந்தப் பக்கத்தத்தான் மொதல்ல பிரிப்பான்."

அப்போதுதான் ராணி கதையைச் சொன்னாள். ராணி, சாம்சன் வளர்த்த கன்னி நாய். ஒல்லியாக, கறுப்பாக, முயல் பின்னால் விட்டால் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற சாதி. இந்தப் பக்கத்தில் கன்னியை விற்க மாட்டார்கள். வேண்டியவர்களுக்குக் கொடுப்பார்கள், பெண்ணைக் கட்டிக் கொடுக்கும்போது சீரோடு அனுப்புவார்கள். அவர்கள் அப்பா அய்யாத்துரை, மகன் ஊரில் இல்லாத சமயம் பார்த்து ராணியை ராயகிரி ஆள் ஒருத்தருக்கு விற்றுவிட்டார். அங்கே அது பட்டினி கிடந்தே செத்தது. சாம்சன் சைக்கிளில் ராயகிரிக்குப் போய், தானே குழி வெட்டிப் புதைத்துவிட்டு, வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே போய்விட்டான்.

சொல்லி முடித்து அக்கா கண்ணைத் துடைத்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "மக்கா, நான் சொல்லுததை அப்படியே எழுது. 'இளையரசனேந்தல் அய்யாத்துரை வளர்த்த ராணி வழிக் கன்னிக் குட்டிகள் விற்பனைக்கு.'"

"வளத்தது உங்க தம்பின்னியளே?"

"அவன்தான் வளத்தான்."

"ராணி குட்டி போட்டிருக்கா?"

"ஒரு குட்டி போட்டதில்ல."

"பெறவு?"

"அவன் பாசத்துக்கு வர மாட்டான் மக்கா, கோவத்துக்குத்தான் வருவான். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படித்தான். இதுல இருக்க ஒவ்வொரு வார்த்தையும் அவனுக்குச் சுருக்குன்னு குத்தும். புண்ணுல குத்துதேன், தெரியும். வேற வழி தெரியல."

பொய் விளம்பரம் போடக் கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். ஆனாலும் எழுதினேன். தொடர்புக்கு என்று என் நம்பரைத்தான் கொடுத்தேன், அக்கா பெயரைப் பார்த்தால் பேசாமல் வைத்துவிடுவானோ என்ற பயத்தில். நோட்டீஸும் நாய் விளம்பரமும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பக்கத்தில் வரும்படி ஆபீஸில் சண்டை போட்டு வாங்கினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இடியாப்பம் பிழிகிற கையோடு போனை எடுத்தேன். கோவில்பட்டியிலிருந்து ஒரு டாக்டர். திருவேங்கடத்திலிருந்து ஒரு பஞ்சாயத்துத் தலைவர். எங்கள் ஊர்க்காரர் தாவூது காக்கா விடுவதாக இல்லை.

"லாத்தா, ஒரே ஒரு குட்டி. ஆணோ பொண்ணோ, அல்லாவுக்காவ ஒண்ணு எடுத்து வையுங்க."

"எல்லாம் போயிட்டுக் காக்கா."

"காலையிலதான போட்டிருக்கிய, அதுக்குள்ள எங்கன போச்சி?"

நாய்க்கு இத்தனை கிராக்கி என்று தெரிந்திருந்தால் ஜெராக்ஸ் மெஷின் வாங்கியிருக்கவே மாட்டேன். ஞானசெல்வி அக்கா காலையில் சர்ச் ஆராதனை முடிந்ததும் நேரே என் வீட்டுக்கு வந்து, ஒவ்வொரு மணிச் சத்தத்துக்கும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று நான் தலையாட்ட ஆட்ட அவள் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போன். ஹலோகூட இல்லை.

"ஏலே, எவம்ல அவன், ராணி பேரச் சொல்லி யாவாரம் பண்ணுதவன்?"

நான் ஸ்பீக்கரில் போட்டேன். அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"பொம்பள பேசுதேன். மரியாதையாப் பேசுங்க."

"ராணி குட்டியே போடல, தெரியுமா? அத வளத்தது அய்யாத்துரை இல்ல. வித்தவருதான் அய்யாத்துரை. கன்னிய எவனாச்சும் விப்பானா? வெக்கமா இல்ல ஒங்களுக்கு?"

"குட்டியும் இல்ல, யாவாரமும் இல்ல. உங்கள வரவழைக்க உங்க அக்கா போட்ட விளம்பரம் அது. கீழ ஒரு கோர்ட் நோட்டீஸ் இருக்கும் பாருங்க, அதையும் படிங்க."

பேப்பர் சரசரக்கிற சத்தம் கேட்டது. எங்கோ நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டல் போல, லாரிகளின் ஹார்ன் பின்னால் கேட்டது. அவன் வாய்விட்டுப் படித்தான். "காலஞ்சென்ற அய்யாத்துரை மகன் சாம்சன், பிரதிவாதி..."

"கேஸா? எம்மேலயா?"

"தள்ளி விடுததுக்குப் போட்ட கேஸு இல்ல, தேடுததுக்குப் போட்டது. அந்தத் தேதிக்கு வாங்க."

போன் துண்டானது. அக்கா பாய்ந்து திரும்பக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். சாயங்காலம் வரை ஸ்விட்ச் ஆஃப்.

"போச்சி மக்கா" என்றாள். "கோர்ட்டுன்னதும் பயந்துட்டான். இனி எங்கன இருக்கான்னே தெரியாமப் போயிரும். நானே வெரட்டி விட்டுட்டேன்."

கேஸைப் பற்றி நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். இந்த நீள வாய் அன்றைக்கு ஒருநாள் கொஞ்சம் சுருங்கியிருக்கக் கூடாதா என்று என்னையே வைதுகொண்டேன்.

வாய்தா அன்று கடையைப் பாதி இறக்கிவிட்டு அக்காவோடு கோர்ட்டுக்குப் போனேன். பேப்பரில் நோட்டீஸ் போட்ட கேஸில் பிரதிவாதி பெயரை வராந்தாவிலிருந்து மூன்று தரம் கூப்பிடுவார்கள். வழக்கத்துக்குக் கூப்பிடுகிறதுதான். கூப்பிடுகிறவரும் பதிலை எதிர்பார்த்து நிற்க மாட்டார். இசக்கித்துரை தீர்ப்புக்குத் தயாராகக் கேஸ் கட்டைப் பிரித்து வைத்துவிட்டார்.

"சாம்சன்!"

வேப்ப மரத்தடியில் நின்றவர்கள் யாரும் திரும்பக்கூட இல்லை.

"சாம்சன்!"

அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்தியது.

"சாம்ச..."

"இருக்கேன்யா! இந்தா வந்துட்டேன்!"

கேட்டுக்குள் ஓர் ஆள் ஓடி வந்தான். லாரி டிரைவர் காக்கிச் சட்டை, சவரம் செய்யாத முகம், தோளில் ஒரு கட்டைப் பை. பைக்குள்ளிருந்து ஒரு கறுப்பு மூக்கு எட்டிப் பார்த்தது. கூப்பிட்டவருக்கே தூக்கிவாரிப் போட்டுவிட்டது.

"நாய உள்ள கொண்டு போகக் கூடாதுய்யா."

அவன் நேரே அக்காவிடம் வந்து பையை அவள் கையில் கொடுத்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கன்னிக் குட்டி. கரூர்ல ஒருத்தர்ட்ட கேட்டு வாங்குனேன், வெலைக்கு இல்ல. பேப்பர்ல போட்டுட்ட. ஒரு குட்டியாச்சும் இருக்கணும்லா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று உள்ளே போனான்.

உள்ளே, எப்படித் தெரிந்து வந்தாய் என்று நீதிபதி கேட்டார். "பேப்பர்ல நோட்டீஸ் பாத்தேன்யா" என்றான். நீதிபதி தலை நிமிர்ந்து அவனை நன்றாக ஒருமுறை பார்த்தார். இசக்கித்துரை இருமினார். சமாதானம் பேசி வருகிறோம் என்று அடுத்த வாய்தா வாங்கினார்கள். போருக்கும் கனெக்‌ஷனுக்கும் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன் என்று அவன் வராந்தாவிலேயே சொல்லிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் வேப்ப மரத்தடியில் அக்காவும் தம்பியும் நேருக்கு நேர் நின்றார்கள். குட்டி அக்காவின் சேலை நுனியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இதுக்கு முன்னால போட்ட விளம்பரமெல்லாம் பாத்தியால?" என்று கேட்டாள்.

"எல்லாம் பாத்தேன்."

"அப்பா செத்தது?"

"அதுவும் பாத்தேன்." அவன் குட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "யாரும் திட்ட மாட்டோம், யாரும் திட்ட மாட்டோம்னே போட்டிருந்தியக்கா. பெத்த அப்பனுக்கு மண்ணு போட வராத பயல யாருமே திட்டலன்னா, நான் எப்படிக்கா வீட்டுக்குள்ள நொழைவேன்?"

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் குட்டியைத் தூக்கி அவன் கையில் திணித்தாள்.

"கூறுகெட்ட மூதி!" என்று ஆரம்பித்தாள். "ஒரு நாய்க்காவ வீட்ட விட்டுப் போவியால நீ? அப்பா கடைசி மூச்சு வரைக்கும் வாசலப் பாத்துக்கிட்டே கெடந்தாரே, தெரியுமால ஒனக்கு?"

கோர்ட் வாசலில் ஆரம்பித்தவள் என் கடையைத் தாண்டி, பூ மார்க்கெட் சந்தைத் தாண்டி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நிறுத்தவில்லை. மல்லிகை கட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சாம்சன் குட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அவள் பின்னாலேயே போனான். நடுவில் அவள் மூச்சு வாங்க நின்றபோது, "இன்னும் திட்டுக்கா" என்றான்.